ஃபேன் வேகம் யார் கையில்: பயாஸா, ஃபேன்கன்ட்ரோலா, கூலர்கன்ட்ரோலா?

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஃபேன் சத்தத்தை அடக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மதர்போர்டின் சொந்த மென்பொருளான பயாஸிலேயே ஃபேன் கர்வ் (எந்த வெப்பத்துக்கு எந்த வேகம் என்ற வரைவு) போட்டுவிடலாம். சென்சர்களைப் படிக்கும் எல்எம்-சென்சர்ஸ் திட்டத்தின் ஃபேன்கன்ட்ரோல் ஸ்கிரிப்டை ஓட்டலாம். இல்லையென்றால் கூலர்கன்ட்ரோல் என்ற வரைகலை நிரலை நிறுவலாம். மூன்றையும் ஒரே ரைசன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த பிறகு நான் பயாஸோடு நின்றுவிட்டேன். லினக்ஸுக்கு அளவு காட்டும் வேலை மட்டும்தான்.

எதை எடுத்தாலும் முதலில் சென்சர்கள் தெரிய வேண்டும். சென்சர்ஸ் கட்டளை கொடுத்தால் சிபியூ வெப்பம் வரும், என்விஎம்இ (எஸ்எஸ்டி) வெப்பம் வரும், ஃபேன் வரி மட்டும் ஒன்றுகூட இருக்காது. பலரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பெரும்பாலும் ஃபேனில் எந்தப் பழுதும் இருக்காது. ரைசன் போன்ற ஏஎம்டி சிபியூவில் வெப்பத்தைத் தருவது கே10டெம்ப் டிரைவர், இன்டெலில் கோர்டெம்ப். ஃபேன் சுற்றுகளை எண்ணுவது மதர்போர்டில் தனியாக இருக்கும் சூப்பர் ஐஓ சிப். அதற்கான டிரைவர் ஏறவில்லை என்றால் ஃபேன் வரியும் வராது. சென்சர்ஸ்-டிடெக்ட் ஓட்டினால் எந்த டிரைவர் என்று வழக்கமாகச் சொல்லிவிடும்: நுவோட்டான் சிப் என்றால் என்சிடி6775, ஐடிஇ சிப் என்றால் ஐடி87. புதிய ஐடிஇ சிப்கள் சிலவற்றுக்குக் கெர்னலோடு வரும் ஐடி87 போதாது. வெளியில் பராமரிக்கப்படும் பதிப்பை, கெர்னல் மாறும்போது டிரைவரை மறுபடி கட்டித் தரும் டிகேஎம்எஸ் வழியாகப் போட வேண்டியிருக்கும்.

டிரைவர் ஏற மறுத்து, கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் ஏசிபிஐ (பயாஸ் வழி வன்பொருள் கட்டுப்பாடு) மோதல் என்று வந்தால், பூட் வரியில் 'ஏசிபிஐ என்ஃபோர்ஸ் ரிசோர்சஸ்' என்பதை 'லேக்ஸ்' ஆக்கச் சொல்வார்கள். பல போர்டுகளில் அது வேலை செய்யும். ஆனால் பயாஸும் டிரைவரும் ஒரே சிப்பை ஒரே நேரத்தில் தொட அது வழிவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

வருகிற எண்களை எல்லாம் நம்பவும் வேண்டாம். ஆக்ஸ்டின் (கூடுதல் சென்சர்) வரியில் 127 டிகிரி என்று வந்தால் அங்கே சென்சரே இணைக்கப்படவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ரைசன் 2700எக்ஸில் டிசிடிஎல் (ஃபேன் கட்டுப்பாட்டுக்கான வெப்ப எண்) உண்மை வெப்பத்தைவிட 10 டிகிரி கூடுதலாகவும், 1800எக்ஸில் 20 டிகிரி கூடுதலாகவும் இருக்கும். அவற்றில் டிடை எண்தான் சரியானது.

சரி, இனி ஒப்பீடு. ஃபேன்கன்ட்ரோல் எளிமையானது. அதோடு வரும் பிடபிள்யூஎம்கான்ஃபிக் நிரல் ஒவ்வொரு ஃபேனாக நிறுத்திப் பார்த்து, எந்தக் கட்டுப்பாடு எந்த ஃபேனுக்கு என்று கண்டுபிடித்து, அமைப்புக் கோப்பை எழுதித் தரும். சிபியூ ஃபேனும் அப்போது நிற்கும் என்பதால் கனமான வேலை எதுவும் ஓடாத நேரத்தில் செய்ய வேண்டும். தொல்லை பிறகுதான் தொடங்குகிறது. கெர்னல் சென்சர் சாதனங்களுக்குத் தரும் எச்டபிள்யூமான்2, எச்டபிள்யூமான்3 என்ற எண்கள் டிரைவர்கள் பதிவாகும் வரிசையில் கிடைப்பவை. கெர்னல் மாறினாலோ, புதிதாக ஒரு என்விஎம்இ செருகினாலோ வரிசை மாறலாம். ஃபேன்கன்ட்ரோல் அதைக் கவனித்து, அமைப்பு பழையதாகிவிட்டது என்று சொல்லி ஓட மறுக்கும். தவறான ஃபேனைத் திருகாமல் மறுக்கிறதே, அது நல்ல குணம். ஆனாலும் மறுபடி பிடபிள்யூஎம்கான்ஃபிக் ஓட்டும் வேலை நம் தலையில்தான் விழுகிறது. கம்ப்யூட்டர் உறக்கத்திலிருந்து எழும்போது கட்டுப்பாடு பயாஸிடம் திரும்பிப் போயிருப்பதும் உண்டு. அதற்குத் தனியாக ஒரு சிஸ்டம்டி யூனிட் (சேவை அமைப்புக் கோப்பு) எழுத வேண்டும்.

கூலர்கன்ட்ரோல் இந்த இரண்டையும் நன்றாகவே சமாளிக்கிறது. சாதனங்களைத் தன் அடையாளத்தால் நினைவில் வைத்துக்கொள்கிறது, உறக்கம் கலைந்ததும் அமைப்புகளைத் திரும்பப் போடுகிறது. கர்வை மவுஸால் இழுத்து வரையலாம். பராமரிப்பு மட்டும்தான் கணக்கு என்றால் ஃபேன்கன்ட்ரோலைவிட இதையே சொல்வேன்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: கட்டுப்படுத்தும் நிரல் செத்துப்போனால் ஃபேன் என்ன செய்யும்?

பிடபிள்யூஎம்1_எனேபிள் என்ற கோப்பில் 1 என்று எழுதியதும் ஃபேன் நம் பொறுப்புக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு சூப்பர் ஐஓ சிப் வெப்பத்தைப் பார்த்து வேகத்தை மாற்றாது. 0 முதல் 255 வரை கடைசியாக எழுதிய எண் எதுவோ அதிலேயே நிற்கும். முறையாக நிறுத்தினால் ஃபேன்கன்ட்ரோல் பழைய நிலையைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் போகும். கெர்னல் உறைந்தாலோ, மெமரி தீர்ந்து ஓஓஎம் கில்லர் நிரலை வெட்டினாலோ அதற்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. ஃபேன் 255-இல் 70 என்ற அளவில் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் 70-இலேயே சுற்றும். சிபியூ தன் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும்தான். இருந்தாலும் இரவெல்லாம் தனியாக ஓடும் கம்ப்யூட்டரில் அந்தக் கடைசி அரணை நம்பிப் படுக்க எனக்கு மனமில்லை.

பயாஸில் போட்ட கர்வ் சிப்பிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. கிரப் (பூட்) மெனுவில் நின்றாலும், லைவ் யுஎஸ்பியில் பூட் செய்தாலும், லினக்ஸ் முழுதாக உறைந்தாலும் அது வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கெர்னல் அப்டேட் அதைத் தொடாது. ரைசனின் வெப்பம் நொடிக்கு நொடி துள்ளுவதால் ஃபேன் ஏறி இறங்கி எரிச்சலூட்டும் பிரச்சினைக்கும் பல பயாஸ்களில் ஏற்ற இறக்கத் தாமதம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதைச் சில நொடிகளுக்கு நீட்டினாலே பாதிச் சத்தம் அடங்கிவிடும். குறையும் உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரீபூட் வேண்டும். பயாஸ் அப்டேட் செய்தால் கர்வ் அழிந்துபோகலாம் என்பதால் திரையைப் போனில் படம் எடுத்து வைப்பது நல்லது.

பயாஸ் தோற்கும் இடம் கிராஃபிக்ஸ் கார்டு. அதன் வெப்பம் பொதுவாகப் பயாஸுக்குத் தெரியாது. கேம் ஓடும்போது கேஸ் ஃபேன்கள் கார்டைப் பார்த்து வேகமெடுக்க வேண்டும் என்றால் கூலர்கன்ட்ரோல்தான். என்விடியாவின் சொந்த டிரைவர் எச்டபிள்யூமான் வழியாக வெப்பத்தைத் தருவதில்லை என்பதால் ஃபேன்கன்ட்ரோலுக்கு அங்கே நேர்வழி கிடையாது. அப்போதும் கேஸ் ஃபேன்களை மட்டும் கூலர்கன்ட்ரோலிடம் கொடுங்கள், சிபியூ ஃபேன் பயாஸிடமே இருக்கட்டும். லேப்டாப்பில் எனக்குப் பழக்கம் குறைவு. திங்க்பேடுக்குத் திங்க்ஃபேன் என்று தனியாக இருக்கிறது, அதை நீண்ட நாள் வைத்துப் பார்த்தவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

ஃபேன்கன்ட்ரோலிலிருந்து பயாஸுக்குத் திரும்புகிறவர்கள் சேவையை நிறுத்தி முடக்கிவிட்டு, பிடபிள்யூஎம்1_எனேபிள் கோப்பைத் திறந்து பாருங்கள். நுவோட்டான் சிப்பில் பெரும்பாலும் 5 (சிப்பின் தானியங்கி நிலை) இருக்கும். இன்னமும் 1 என்றே இருந்தால் ஒருமுறை முழுதாக அணைத்துப் போடுங்கள். அப்புறம் சிபியூவுக்குக் கனமான வேலை தரும் ஸ்ட்ரெஸ்-என்ஜியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பக்கத்து டெர்மினலில் சென்சர்ஸை வாட்ச் கட்டளையோடு வைத்து, வெப்பம் ஏற ஏறச் சுற்றும் ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.