மேப்ல ஊர் பேரும் எல்லையும்: ராஸ்டர் டைலா, வெக்டர் டைலா?

சொந்தமா மேப் பண்றவங்க முதல்ல முடிவு பண்ண வேண்டியது இதைத்தான். டைல்னா மேப்பை வெட்டி வச்ச சின்னச் சின்ன சதுரத் துண்டு. ராஸ்டர்னா பேரு, கோடு எல்லாம் படத்துலயே பதிஞ்சு போயிடும், ஒரு பேரோட கலரை மாத்தணும்னாலும் டைல்களைத் திரும்ப ரெண்டர் பண்ணணும், அதாவது படமா வரையணும், ஸூம் 10-ல மட்டும் உலகத்துக்கு 10,48,576 டைல். மேப்பைச் சுத்தினா எழுத்தும் சேர்ந்து சாயும்.

வெக்டர்ல கோடு, புள்ளி, பேருன்னு டேட்டா மட்டும்தான் வருது, வரையறது பிரவுசர்தான், ஸ்டைலை பிரவுசர்லயே மாத்திக்கலாம், தமிழ்ப் பேரு இருந்தா அது, இல்லன்னா உள்ளூர் பேருன்னு ஒரே வரில சொல்லிடலாம், எனக்கு இதுதான் ரொம்பப் பெரிய விஷயம்.

ஆனா தமிழ்ல ஒரு வலி இருக்கு. 'கொ'ன்னு எழுதினா கொம்பு முன்னாடியும் கால் பின்னாடியும் வரணும்ல, சில வெக்டர் லைப்ரரிகள்ல அது இடம் மாறி உடைஞ்சு நிக்கும், ராஸ்டர்ல, எழுத்தைச் சரியா அடுக்குற ஹார்ஃப்பஸ் லைப்ரரியை யூஸ் பண்ற மேப்னிக் மாதிரி ரெண்டரர்ல (மேப் படம் வரையுற சாஃப்ட்வேர்ல) சரியா வரும். நம்ம எழுத்து சிதைஞ்சு நிக்கிறதைப் பாக்க மனசு கேக்காது.

எல்லைக் கோட்டை பாலிகனா (ஒவ்வொரு மாவட்டத்தையும் மூடின வடிவமா) வரையாதீங்க, பக்கத்து பக்கத்து மாவட்டம் ரெண்டும் அதே கோட்டை வரையும், புள்ளிக்கோடு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து முழுக்கோடாயிடும். பேருக்கும் தனி பாயிண்ட் லேயர் (இடத்துக்கு ஒரு புள்ளி வச்ச அடுக்கு) வைங்க, இல்லன்னா வெக்டர்ல டைலுக்கு டைல் அதே மாவட்டப் பேரு திரும்பத் திரும்ப வரும்.

தமிழ் எழுத்தை டெஸ்ட் பண்ணி சரியா வந்தா வெக்டர்தான் என் சாய்ஸ், உடைஞ்சா யோசிக்காம ராஸ்டர் போங்க.