பச்சைப் புள்ளியும் வராத பதிலும்: ஒரு குழுப்பணிச் செயலியின் நெடுநாள் அனுபவம்

மாணவர்களின் இணையவழிக் குழுப்பணிக்கு நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் செயலியின் சந்தா குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வேறொரு கல்லூரியில் பாடம் நடத்தும் நண்பர், தம் வகுப்புக்கும் அதை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். உரையாடல், பகிர்வு ஆவணம், பணிப்பலகை, காணொளிக் கூட்டம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் வகையைச் சேர்ந்தது அது. அந்த வசதிகள் பலரும் அறிந்தவை என்பதால், நெடுநாள் புழங்கியவர்களுக்கு மட்டுமே உறைக்கும் ஒரு தொல்லையைப் பற்றி எழுதுகிறேன். பெயருக்கு அருகே எரியும் பச்சைப் புள்ளிதான் அது.

ஒருவர் செயலியைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதற்கு மேல் அந்தப் புள்ளிக்கு எந்தப் பொருளும் இல்லை. மாணவர்களோ அதை நடத்தைச் சான்றிதழாகவே வாசிக்கிறார்கள். புள்ளி எரிந்தும் பதில் வரவில்லையென்றால் அலட்சியம் என்றும், செய்தியைப் படித்ததற்கான குறி விழுந்தும் மறுப்பு வரவில்லையென்றால் சம்மதம் என்றும் அவர்களாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள். ஒரு குழுவில், கருத்தாய்வு வினாநிரலின் கடைசிப் பகுதியை நீக்கிவிடலாமா என்று ஒரு மாணவி கேட்டாள். எல்லோரும் படித்தார்கள், எவரும் பதில் எழுதவில்லை, அவளும் நீக்கிவிட்டாள். அந்தப் பகுதியை நம்பியே தன் பங்கைத் திட்டமிட்டிருந்த இன்னொரு மாணவன், செய்தியைப் பேருந்தில் நின்றபடி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, இரவில் விரிவாக எழுதிக்கொள்ளலாம் என்றிருந்திருக்கிறான். அதன்பின் இருவரும் ஒருவரோடொருவர் பேசாமல், என்னிடம் தனித்தனியே முறையிட்டார்கள்.

இதற்குச் செயலியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. வெவ்வேறு இடங்களில் இருந்த 13 மாணவர் குழுக்களை ஆராய்ந்து கேத்தரின் கிராம்டன் 2001இல் வெளியிட்ட கட்டுரை, தொலைவிலிருந்து சேர்ந்து வேலை செய்பவர்களைத் தடுமாறவைக்கும் காரணங்களில் ஒன்றாக, மௌனத்தின் பொருளை அறிய முடியாமையைச் சொல்கிறது. எதிரில் இருப்பவரின் சூழல் கண்ணுக்குத் தெரியாதபோது, இணைப்பு அறுந்ததையும் தேர்வு வந்ததையும்கூட அவருடைய குணக்கேடாகவே எண்ணிவிடுகிறோம். இந்தச் சிக்கல் பச்சைப் புள்ளி வருவதற்கு முன்பே இருந்தது. ஆளின் சூழலைப் பற்றி எதுவும் சொல்லாமல், ஆள் இருக்கிறார் என்பதை மட்டும் பறைசாற்றி, இருந்த சந்தேகத்துக்கு அந்தப் புள்ளி தூபம் போடுகிறது.

ஆகவே என் வகுப்பில் எந்தக் குழுவும் முதல் வேலையைத் தொடங்கும் முன் ஒரு பக்க உடன்பாடு எழுதியாக வேண்டும். எத்தனை மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும், கெடு கடந்தால் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதா மறுப்பாகக் கொள்வதா, கருத்து பிளவுபட்டால் இறுதி முடிவு யாருடையது, எவருக்கு எந்த வாரத்தில் வேறு தேர்வுகள் உள்ளன ஆகியவை அதில் இருக்கும். "பார்த்துவிட்டேன், நாளை மாலைக்குள் சொல்கிறேன்" என்று ஒரு வரி போடும் பழக்கத்தைத் தனியாகவே பயிற்றுவிக்கிறேன். கட்டைவிரல் குறியைப் பதிலாக ஏற்பதில்லை. இவ்வளவு அடிப்படையான உடன்பாட்டை வைக்க இந்தச் செயலியில் உருப்படியான இடமில்லை என்பதுதான் என் ஆத்திரம். அதை உரையாடலின் மேலே நிற்கும்படி பொருத்தி வைத்தாலும் அடுத்தடுத்த அறிவிப்புகளுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. "இன்று இரவுதான் பதில் தருவேன்" என்று எழுதிவைக்கும் நிலைக்குறிப்பைப் பார்க்க இரண்டு முறை தட்ட வேண்டும். புள்ளியோ தட்டாமலே கண்ணைக் குத்துகிறது. வகுப்பு முழுமைக்கும் அதை அணைத்துவைக்க ஆசிரியருக்கு வழியே தரவில்லை.

இத்தனைக்கும், ஆவணத்தின் திருத்த வரலாற்றை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். குழு பெருகப் பெருக ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைவதைக் கயிறிழுக்கும் சோதனைகளில் பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மான் கண்டு 1913இல் வெளியிட்டார். குழுப்பணிக்கு மதிப்பெண் போட்ட எவருக்கும் அது புதிதன்று. எவர் எப்போது என்ன மாற்றினார் என்பதை வரலாறு காட்டிவிடுவதால், நழுவுபவருக்கு மறைவிடம் குறைகிறது. ஆனால் சொற்களை எண்ணி மதிப்பெண் போடுவது கூடாது. எல்லோருடைய பகுதிகளையும் வாங்கித் தொகுத்து ஒட்டுபவரின் பெயரிலேயே முழு அறிக்கையும் பதிவாகிவிடும். எனக்கு இன்பம் தருபவை சிறு திருத்தங்கள். "எல்லா மாணவர்களும்" என்று ஒருவர் எழுதியதை மற்றொருவர் "பதிலளித்தவர்களில் பெரும்பாலோர்" என்று மாற்ற, மூன்றாமவர் அதற்குரிய அட்டவணையைக் கீழே சேர்த்திருந்தார். ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத மூவர் ஒரே வரியில் கூடி யோசித்ததை, நேரடி வகுப்பில்கூட இவ்வளவு தெளிவாக நான் கண்டதில்லை.

நண்பருக்கு என் பதில், விலை குறைந்திருந்தாலும் வாங்க வேண்டாம் என்பதே. முதல் இரண்டு வகுப்புகளை உடன்பாடு எழுதச் செலவிட்டால், மின்னஞ்சலும் ஒரு பகிர்வு ஆவணமுமே போதும். நான் மட்டும் அடுத்த பருவத்துக்கான சந்தாவை நேற்றுக் கட்டிவிட்டேன்; பழைய குழுக்களின் திருத்த வரலாறு முழுவதும் அதற்குள்தான் கிடக்கிறது, அதை வகுப்பில் திறந்து காட்டாமல் பாடம் நடத்த இனி எனக்குக் கைவராது.