இரண்டு கணினிகள், நடுவில் ஒரு கேபிள்: நாள்பட்ட பயன்பாட்டுக்குப் பிறகு

வீட்டு டெஸ்க்டாப்பையும் லேப்டாப்பையும் ஒரே ஒரு ஈதர்நெட் கேபிளால் நேராக இணைத்துப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். நடுவில் ரவுட்டர், ஸ்விட்ச் எதுவும் கிடையாது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோப்புகளைப் பரிமாற இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. இன்டர்நெட்டைப் பகிரவும் இது உதவும், ஆனால் அந்த வேலைக்கு வேறு வழி கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பலர் இரண்டையும் ஒரே மூச்சில் அமைக்கப் போய், ஏதோ ஒன்று ஓடாமல், மொத்தத்தையும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கேபிளில் குழப்பமே இல்லை. ஒரு காலத்தில் இதற்குக் கிராஸ்ஓவர் கேபிள் என்று தனியாக வாங்க வேண்டும், அதன் ஒரு முனையில் 1, 2 ஆம் கம்பிகள் மறு முனையில் 3, 6 ஆம் இடங்களுக்குப் போகும். இப்போதுள்ள கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) போர்ட்டுகள் அதைத் தாங்களே சரிசெய்துகொள்வதால் சாதாரண கேட் 5இ கேபிள் போதும், 100 மீட்டர் வரை இழுக்கலாம். கவனிக்க வேண்டியது வேகத்தை. கிகாபிட்டுக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 100 மெகாபிட்) இறங்கிவிடலாம், எல்லாம் வேலை செய்கிற மாதிரியே இருக்கும். கேபிளைச் செருகியதும் அடாப்டரின் ஸ்டேட்டஸ் பெட்டியில் 1.0 ஜிபிபிஎஸ் என்று காட்டுகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

அந்த வித்தியாசம் சின்னது இல்லை. முழு கிகாபிட்டில் பெரிய கோப்புகள் நொடிக்கு 110 எம்பி (மெகாபைட், ஒரு பைட் எட்டு பிட்) அளவில் நகரும், அதாவது 50 ஜிபி வீடியோ எட்டு நிமிடத்துக்குள் போய்விடும். 100 எம்பிபிஎஸ்ஸில் அதே வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு பக்கமும் எஸ்எஸ்டி இருந்தால் முழு வேகமும் எளிதாகக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய ஹார்ட் டிஸ்க் இந்த வேகத்துக்கு எழுதத் திணறும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன கோப்புகள் உள்ள ஃபோல்டர் என்றால் கேபிள் என்னவாக இருந்தாலும் மெதுவாகத்தான் போகும், ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடுவதற்கே நேரம் போய்விடுகிறது. அப்படிப்பட்டதை ஒரே ஜிப் கோப்பாக்கி அனுப்புவது என் பழக்கம். தினசரி பேக்கப்புக்கு விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையை வைத்திருக்கிறேன், மாறிய கோப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். பென்டிரைவோடு அலைந்த காலத்தை நினைத்தால், குறிப்பாக ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய கோப்பு ஏறாது என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி முடியாது.

சரி, அமைப்புக்கு வருகிறேன். கேபிளை மட்டும் செருகிவிட்டால் இரண்டு கணினிகளும் தங்களுக்குத் தாங்களே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைக் கொடுத்துக்கொள்ளும். அதிலேயே கோப்புகளைப் பகிரலாம், ஆனால் அந்த முகவரி மாறக்கூடியது, நம்பி ஷார்ட்கட் போட முடியாது. கையாலேயே நிலையான ஐபி முகவரி கொடுத்துவிடுவது நல்லது. இங்கே என் பரிந்துரை ஒன்று உண்டு: நெட்டைப் பகிரப் போகும் கணினிக்கு 192.168.137.1, மற்றதற்கு 192.168.137.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. ஏன் இந்த எண்கள் என்றால், விண்டோஸில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்கை இயக்கிய அந்த நொடியே அது கேபிள் அடாப்டருக்கு 192.168.137.1 என்ற முகவரியைப் போட்டுவிடும், நீங்கள் வேறு என்ன கொடுத்திருந்தாலும் அழிந்துவிடும். நேற்று வரை திறந்த ஷேர் ஃபோல்டர் இன்று திறக்கவில்லை என்று பலர் புலம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முதலிலிருந்தே அதே எண்ணில் இருந்தால் பகிர்வு ஓடினாலும் ஓடாவிட்டாலும் முகவரி மாறாது.

கோப்புகளுக்கு மட்டும்தான் கேபிள் என்றால், அதே அமைப்பில் இருக்கும் கேட்வே (வெளி நெட்டுக்குப் போகும் வழி) பெட்டியைக் காலியாக விடுங்கள். அப்போதுதான் நெட் வைஃபை வழியாகவும், கோப்புகள் கேபிள் வழியாகவும் தனித்தனியாகப் போகும். ஷேரைத் திறக்கும்போதும் கணினியின் பெயருக்குப் பதில் \\192.168.137.1 என்று ஐபியையே போடுங்கள், எந்த வழியாகப் போகிறது என்ற சந்தேகமே வராது.

அடுத்த இடைஞ்சல் ஃபயர்வால். கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டு பப்ளிக் வகையில் தள்ளிவிடும், அந்த வகையில் கோப்புப் பகிர்வு அடைபட்டிருக்கும். மறுபக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை கூடப் போகாது. கேபிள் பழுது என்றுதான் முதலில் தோன்றும். விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் அந்த இணைப்பைப் பிரைவேட் ஆக்கலாம், புரோ பதிப்பில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் அடையாளம் தெரியாத நெட்வொர்க்குகளை எல்லாம் பிரைவேட்டாக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடு என்று சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள், அந்த லேப்டாப் நாளைக்கு வெளியிலுள்ள ஏதோ ஒரு வைஃபையிலும் சேரப் போகிறது.

பாஸ்வேர்டு விஷயமும் அப்படித்தான். விண்டோஸ் 11-இன் 24எச்2 புரோ பதிப்பு பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் ஷேர்களை இயல்பாகவே மறுத்துவிடும். பகிரும் கணினியில் இதற்கென்று ஒரு லோக்கல் பயனரை உருவாக்கி, நல்ல பாஸ்வேர்டு வைத்து, வேண்டிய ஃபோல்டருக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. தினமும் உள்ளே நுழையப் போடும் பின் எண் இங்கே செல்லாது, பாஸ்வேர்டுதான் வேண்டும். அப்புறம், பழைய எக்ஸ்பி கணினியோடு பேச வைக்க எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை இயக்கச் சொல்லும் ஆலோசனையைப் பின்பற்ற வேண்டாம். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.

இப்போது இன்டர்நெட். என் டெஸ்க்டாப்பில் வெகுநாள் வைஃபை கிடையாது, லேப்டாப் வைஃபையில் வாங்கும் நெட்டைக் கேபிள் வழியாக அதற்குக் கொடுத்துவந்தேன். அமைப்பது சுலபம்: லேப்டாப்பின் வைஃபை அடாப்டரில் ஷேரிங்கை இயக்கி, கேபிள் அடாப்டரைத் தேர்ந்தெடுத்து, டெஸ்க்டாப்பின் கேட்வே, டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) இரண்டிலும் 192.168.137.1 என்று போட்டால் போதும். உலாவுவதற்கும் வீடியோ பார்ப்பதற்கும் வைஃபை வேகத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது, நெட்வொர்க் மேனேஜரில் ஐபிவி4 முறையை மற்ற கணினிகளோடு பகிர்வது என்று மாற்றினாலே 10.42.0.1 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு மறுபக்கத்துக்கு ஐபியும் கொடுத்துவிடும். நான் பார்த்தவரை லினக்ஸ் பக்கம் அமைத்தபின் தொட வேண்டியதே இல்லை.

விண்டோஸில் ஒரு தொல்லை உண்டு. விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, கணினியை மறுபடி தொடங்கினால் பகிர்வு நின்றுபோகலாம், டிக் மட்டும் அப்படியே இருக்கும். டிக்கை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் ஓடும். நிரந்தரமாகச் சரிசெய்ய, சர்வீசஸ் பட்டியலில் இன்டர்நெட் பகிர்வுச் சேவையை ஆட்டோமேட்டிக் ஆக்க வேண்டும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் எனேபிள்ரீபூட்பெர்சிஸ்ட்கனெக்‌ஷன் என்ற மதிப்பை உருவாக்கி 1 என வைக்க வேண்டும். இரண்டையும் செய்தால்தான் நிலைக்கும்.

ஆனால் என்னை மாற வைத்தது இது எதுவும் இல்லை. நெட் கொடுக்கும் கணினி எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்பதுதான். லேப்டாப்பை மூடினால் டெஸ்க்டாப்பில் பாதி இறங்கிய கோப்பு அப்படியே நிற்கும். வீட்டில் ஒருவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனால் இன்னொருவரின் வேலையும் நின்றுவிடும், இது குடும்பத்தில் தேவையில்லாத உரசல். போதாததற்கு டெஸ்க்டாப் இரண்டு முகவரி மாற்றங்களுக்குப் பின்னால் (ரவுட்டரில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று) ஒளிந்திருப்பதால், ரவுட்டரில் இருக்கும் பிரிண்டரும் டிவியும் அதற்குத் தானாகத் தென்படாது, சில ஆன்லைன் விளையாட்டுகளும் முரண்டு பிடிக்கும்.

அதனால் டெஸ்க்டாப்புக்கு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்றைப் போட்டு நெட்டைப் பிரித்துவிட்டேன். கேபிளைக் கழற்றவில்லை, கழற்றவும் மாட்டேன், கோப்புகள் எல்லாம் இன்றும் அதன் வழியாகத்தான் போகின்றன. வைஃபை அடாப்டர் பழுதானால் மட்டும் பகிர்வை இயக்குவேன்.

லேப்டாப்பில் ஈதர்நெட் போர்ட் இல்லாதவர்கள் யூஎஸ்பியில் செருகும் ஈதர்நெட் டாங்கிள் வாங்கும்போது யூஎஸ்பி 3 என்றும் கிகாபிட் என்றும் இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவானவற்றில் பல 100 எம்பிபிஎஸ்தான், யூஎஸ்பி 2 என்றால் கிகாபிட் என்று போட்டிருந்தாலும் பாதி வேகத்தைத் தொடாது. இரண்டு பக்கமும் பழைய செவ்வக முனை உள்ள சாதாரண யூஎஸ்பி கேபிளால் இரண்டு கணினிகளை இணைக்க மட்டும் முயலாதீர்கள், இரண்டு பக்கமும் 5 வோல்ட் மின்சாரத்தைத் தள்ளுவதால் போர்ட் எரிந்துபோகக்கூடும்.