டி-மேக்ஸ் டீசல் லைனைப் புதுப்பித்து மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களிடம் பியூயல் சிஸ்டம் அப்கிரேட் என்று சொன்னாலே டீசலைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர், சக்தியைக் கூட்டும் டியூனிங் பாக்ஸ், டேங்கிலிருந்து டீசலைத் தள்ளும் லிஃப்ட் பம்ப் என்றுதான் பேச்சு போகும். நான் அதில் எதையும் போடவில்லை. டேங்கிலிருந்து ஹை பிரஷர் பம்ப் வரைக்கும் உள்ள பகுதியை முழுசாகப் புதுப்பித்தேன், ஒரு ப்ரீ-ஃபில்ட்டர் சேர்த்தேன், பம்பில் டீசலை அளந்துவிடும் எஸ்சிவி வால்வை மாற்றினேன், அவ்வளவுதான். சிங்கப்பூரில் வேலைக்கு ஓடும் வண்டிக்குக் காசு போட வேண்டிய இடம் இதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

வண்டி இசுசு டி-மேக்ஸ், 2.5 லிட்டர் 4ஜேகே1 எஞ்சின். ஏர்கான் சர்வீஸ் வேலைக்கு ஓடுகிறது, பின்னால் ஏணி, கேஸ் சிலிண்டர், காப்பர் பைப் என்று எப்போதும் பாரம் இருக்கும். பத்து வருடம் தாண்டி சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமச் சான்று) புதுப்பித்து ஓட்டுகிறேன். கோளாறு மெதுவாகத்தான் ஆரம்பித்தது. ஒரு புளோக்கில் வேலையை முடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் ஏறி இறங்க ஆரம்பித்தது. கடைசியில் பிஐஇ விரைவுச்சாலையில் மேட்டில் ஏறும்போது எஞ்சின் லைட் எரிந்து சக்தி அப்படியே அடங்கிவிட்டது. பின்னால் டிப்பர் லாரி, பக்கத்தில் ஒதுங்கி நிற்க ஓரம் கிடையாது. அந்த நிமிஷம் இருந்த பயம் காசுக் கணக்கைவிடப் பெரிது.

இந்த ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிடுவது சட்டப்படி குற்றம். அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்து, இப்படியே நாள் போகும். நீண்ட சாலையில் ஓடும் வண்டிக்கு இந்த மாதிரிக் கோளாறு தெரியவே மாதக்கணக்கில் ஆகலாம். நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும், அது ஒருவகையில் நல்லதுதான்.

முதலில் காட்டிய வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, ரயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் அழுத்தக் குழாய்) பிரஷர் குறைவு என்று எரர் கோட் வருகிறது, ஹை பிரஷர் பம்பையும் நான்கு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன விலையில் இன்னொரு பழைய எஞ்சினே வாங்கிவிடலாம். காக்கி புக்கிட்டில் தெரிந்த மெக்கானிக் ஒருவர், ஜோகூர்க்காரத் தம்பி, அவரிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்கேனரை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டு, பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவான குழாயைச் செருகினார். எஞ்சினை ஓட்டியதும் அதில் டீசல் ஓடுவது தெரிந்தது, கூடவே குண்டூசித் தலை அளவில் குமிழ்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் குமிழ் பெரிதானது. "அண்ணே, டீசல் வெளியே ஒழுகலன்னா லீக் இல்லன்னு நினைக்காதீங்க, இது உள்ளே காத்து இழுக்குது" என்றார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் தவறான பாகத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். என் வண்டியில் டேங்குக்குள் மின்சார பம்ப் கிடையாது. டென்சோ ஹை பிரஷர் பம்புக்குள்ளேயே ஒரு சின்ன ஃபீட் பம்ப் இருக்கிறது, அதுதான் டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி இழுக்கிறது. ஆக டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் லைனில் இருப்பது அழுத்தம் இல்லை, உறிஞ்சல். ஓ-ரிங் காய்ந்துபோனாலோ கிளிப் தளர்ந்தாலோ டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். எஞ்சினை அணைத்துவிட்டால் அந்த வழியாகக் காற்று புகுந்து லைனில் உள்ள டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடும், அடுத்த ஸ்டார்ட் இழுப்பதற்கு அதுதான் காரணம். முழு பாரத்தில் 1,600 பாருக்கு மேல் அழுத்தம் வேண்டிய ரயிலுக்குக் காற்று கலந்த டீசல் போனால் எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சக்தியைக் குறைத்துவிடும். எரர் கோட் பார்த்தால் பம்ப் போய்விட்டது போலவே இருக்கும். பம்ப் நன்றாகத்தான் இருக்கும்.

டேங்கை இறக்கினோம். உறிஞ்சு குழாயின் நுனியில் இருக்கும் வலை கறுப்புப் பசை பூசியதுபோல் அடைத்திருந்தது, விரலால் தொட்டால் வழுக்கியது. சிங்கப்பூர் பங்க் டீசலைக் குறை சொல்ல மாட்டேன், 2013 முதல் இங்கே கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்குள்தான் இருக்கிறது. விஷயம் ஈரம். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று, அதிலிருந்து தண்ணீர் அடியில் சேரும், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளரும், நம் ஊர் சூடு அதற்கு ரொம்பப் பிடிக்கும். டேங்கைக் கழுவி, வலையைப் புதிதாக மாற்றி, ரப்பர் ஹோஸ் அத்தனையும் டீசலுக்கென்று உள்ள ஹோஸாக மாற்றினோம். ஹோஸை அறுக்கும் சாதாரணத் திருகு கிளிப் வேண்டாம், சுற்றிலும் சமமாக இறுகும் கிளிப்பைக் கேட்டு வாங்குங்கள். சில வெள்ளிதான் வித்தியாசம்.

ப்ரீ-ஃபில்ட்டர் 30 மைக்ரான், தண்ணீர் பிரிக்கும் கிண்ணமும் தண்ணீர் சென்சாரும் உள்ளது. கம்பெனி ஃபில்ட்டருக்கு முன்னால் வருகிறது. இன்னும் நுண்ணியது போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. உறிஞ்சும் லைனில் தடை கூடக்கூட பம்புக்குத்தான் சிரமம், சின்ன சின்ன லீக்கும் பெரிதாகும். தண்ணீரையும் பெரிய அழுக்கையும் முன்னால் பிடித்துவிட்டால் போதும், நுண்ணிய வேலையைப் பின்னால் உள்ள கம்பெனி ஃபில்ட்டர் பார்த்துக்கொள்ளும். மாட்டும் இடம் எக்ஸாஸ்ட், டர்போ சூட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், கிண்ணத்தின் கீழே கை போகிற மாதிரியும் இருக்க வேண்டும். என் வண்டியில் ஃபெண்டர் பக்கம் தகடு வைத்து மாட்டியிருக்கிறது.

எஸ்சிவி என்பது பம்புக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று அளக்கும் வால்வு. பழசைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே தேய்மானக் கோடு தெரிந்தது. இதை மாற்றினால் மட்டும் போதாது, பழைய வால்வுக்கு ஏற்ப கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பம்ப் லேர்னிங்கை ஸ்கேனரில் ரீசெட் செய்து, எஞ்சின் சூடேறியபின் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஐடிலில் விட்டுப் புதிதாகக் கற்றுக்கொள்ள வைக்க வேண்டும். இதைச் செய்யாத இடத்தில் புது வால்வு போட்டும் ஆர்பிஎம் ஆடுகிறது என்று வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். பாகத்தை ஆன்லைனில் பாதி விலைக்குப் பார்த்து மயங்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு வந்தது டென்சோ பெட்டியில் போலி, சில வாரத்தில் பழைய கதைக்கே திரும்பிவிட்டது.

எல்லாம் சேர்த்து, கூலியோடு, ஆயிரம் வெள்ளிக்கு மேல் ஆனது. இப்போது சூடான எஞ்சினும் சாவியைத் திருப்பியதும் பிடிக்கிறது, ஐடில் ஆடுவதே இல்லை, பிஐஇ மேட்டில் முழு பாரத்தோடு ஏறும்போதும் லைட் ஒருமுறைகூட எரியவில்லை. மைலேஜ் கூடியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ரயில் அழுத்தத்தையும் இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தையும் எஞ்சின் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது, வழியைச் சுத்தம் செய்ததால் அது டீசலைக் குறைத்துக் கொடுக்கப் போவதில்லை. 2019 முதல் லிட்டருக்கு 20 காசு டீசல் வரி கட்டுகிறோம், சேமிப்பு கிடைத்தால் யாருக்கும் சந்தோஷம்தான், ஆனால் அந்த ஆசையில் இதைச் செய்ய வேண்டாம்.

டியூனிங் பாக்ஸ் பற்றி: ரயில் சென்சார் சொல்லும் அழுத்தத்தைக் குறைவாகக் காட்டி கம்ப்யூட்டரை ஏமாற்றுவதுதான் மலிவான பாக்ஸ்கள் செய்யும் வேலை. அழுத்தம் ஏறும், புகையும் ஏறும். பத்து வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷன், அங்கே ரோலர் மேல் ஓட்டிப் புகையை அளக்கிறார்கள். சக்தியைக் கூட்டும் எஞ்சின் மாற்றங்களுக்குப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏ அனுமதியும் வேண்டும். பிழைப்புக்கு ஓடும் வண்டியில் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம். நான் ப்ரீ-ஃபில்ட்டர் மாட்டும் முன்பே இன்ஸ்பெக்‌ஷன் சென்டரில் விசாரித்துக்கொண்டேன், நீங்களும் உங்கள் வண்டிக்குக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லிஃப்ட் பம்ப் போடச் சொல்லும் வீடியோக்கள் பெரும்பாலும் பெரிய அமெரிக்க டிரக்குகளுக்கு, கூடுதல் சக்திக்காக மாற்றியமைத்த எஞ்சின்களுக்கு. நம் பம்ப் உறிஞ்சுவதற்கென்றே செய்யப்பட்டது. லீக் இல்லாத லைனைக் கொடுத்தால் அது தன் வேலையைச் செய்யும்.

பராமரிப்பு என்று பார்த்தால், எஞ்சின் ஆயில் மாற்றும்போதெல்லாம் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து கொஞ்சம் டீசலை ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்ப்பேன். முதல் தடவை அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. இப்போதெல்லாம் மழைக்காலத்தில் மட்டும் ஓரிரு துளி. டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்கவிடுவதில்லை. ஃபில்ட்டர் மாற்றியதும் கைப்பம்பை இறுகும் வரை அடித்துக் காற்றை எடுத்த பிறகுதான் சாவியைத் தொடுவேன்.

அடுத்தது இன்ஜெக்டர். போன சர்வீஸில் ரிட்டர்ன் அளவை (இன்ஜெக்டர் எரிக்காமல் டேங்குக்குத் திருப்பி விடும் டீசல்) சோதித்ததில் மூன்றாவது சிலிண்டர் மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பி விடுகிறது, இன்னும் எல்லைக்குள்தான் இருக்கிறது. மாற்றும் நேரம் வரும்போது புது இன்ஜெக்டரின் தலையில் அச்சிட்டிருக்கும் கோட் எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவீர்களா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் வண்டியை விடுவேன்.