சர்ஃப் பலகையைக் கடலுக்குக் கொண்டுபோக எது நல்லது: காரா, சைக்கிளா?

அலையில் சறுக்குவதற்கு ஒரு சொட்டு எரிபொருள் தேவையில்லை. எரிவதெல்லாம் வீட்டுக்கும் கரைக்கும் நடுவில்தான். கடலை நேசிப்பவர்கள் இந்தக் கொஞ்ச தூரத்தைப் பற்றி யோசித்தே ஆகவேண்டும் என்பது என் எண்ணம்.

முதலில் கார். வசதியில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒன்பதடி லாங்போர்டு, ஈர உடைகள், நண்பர்கள் என எல்லாம் ஒரே நடையில் போய்விடும். ஆனால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் காரில் போகவர மொத்தம் 20 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. ஒரு ஷார்ட்போர்டின் (சிறிய சர்ஃப் பலகை) எடையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! கூரையில் பலகையைக் கட்டினால் காற்றின் எதிர்ப்பு வேறு கூடும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த எதிர்ப்பு நான்கு மடங்காகும். பலகையைக் கட்டக் கூரையில் பொருத்தும் ரேக் காலியாக இருந்தாலும் எரிபொருளைத் தின்னும் என்பதால், வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். சிறிய பலகையைக் காருக்குள்ளேயே வைத்துவிடலாம். அப்புறம் வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விடக் கூடாது. கால் வழுக்காமலிருக்கப் பலகையில் பூசும் மெழுகு உருகுவதோடு, மேலே ஒட்டியிருக்கும் ஃபைபர் உறையும் உப்பிப் பிரிந்துவிடக்கூடும்.

ஏழெட்டுக் கிலோமீட்டருக்குள் கடல் இருந்தால் நான் சைக்கிள் பக்கம்தான். இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சைக்கிளின் சட்டத்திலும் (ஃப்ரேம்) இருக்கைத் தண்டிலும் பொருத்துகிற பக்கவாட்டு ரேக். இரண்டு கொக்கிக் கைகளில் பலகையைச் செருகி, ரப்பர் பட்டையால் இறுக்கினால் போதும். ஆறு, ஆறரை அடிப் பலகைக்கு இதைவிடச் சுலபமான ஏற்பாடு கிடையாது. ஃபின்கள் (பலகையின் அடியில் இருக்கும் துடுப்புகள்) வெளிப்பக்கம் பார்த்திருந்தால் காலில் இடிக்காது. வாகனங்கள் கடந்து போகாத பக்கத்தில் மாட்டுவது முக்கியம். பக்கக் காற்றுதான் இதன் எதிரி. பலகை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி, ஹேண்டிலை ஒரு பக்கமாக இழுக்கும். காற்று பலமாக வீசும் நாளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

லாங்போர்டு, கனமான ஃபோம் பலகை என்றால் இரண்டாவது வழியான ட்ரெய்லர். இரண்டு சக்கரத்தில் பின்னால் உருண்டு வருவதால் எடையும் காற்றும் ஹேண்டிலை அவ்வளவாகத் தொடாது. திருப்பங்களில் மட்டும் அகலமாக வளைய வேண்டும். பலகையின் வால் முனையில் ஒரு சிவப்புத் துணி கட்டாயம். வீட்டில் நிறுத்தி வைக்க இடம் வேண்டும் என்பதுதான் ஒரே தொல்லை. வழியில் மேடு இருந்தால் மின்சார சைக்கிளைத் தயங்காமல் எடுங்கள். மின்சாரக் கார் ஒரு கிலோமீட்டருக்குச் செலவிடும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கே அதற்குத் தாராளம்.

பெட்ரோல் ஸ்கூட்டரிலும் பக்கவாட்டு ரேக் மாட்டலாம். காரைவிட எரிபொருள் வெகுவாகக் குறையும், ஆனால் வேகம் கூடக்கூடப் பக்கக் காற்றின் ஆபத்தும் கூடும். பேருந்திலும் ரயிலிலும் நீளமான பலகையை ஏற்றுவது நடத்துநரையும் கூட்டத்தையும் பொறுத்தது.

கடல் ரொம்பத் தூரம் என்றால், கரையருகே பலகையைப் பத்திரமாக வைக்க ஓர் இடம் பிடித்துவிட்டு வெறுங்கையோடு பேருந்தில் போய்வாருங்கள். விமானத்தில் போகவேண்டிய பயணத்துக்கு, போகுமிடத்திலேயே வாடகைக்கு எடுப்பதுதான் சரி. உங்களுக்குப் பழகிய ஃபின்களைக் கழற்ற முடிந்தால் அவற்றை மட்டும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்கும் பலகையின் ஃபின் பொருத்தும் முறை ஒன்றுதானா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.