ஒரு சாண் வயர்: வெளி டிவிடி டிரைவோடு மூன்று வருடம்

போன வாரம் ஓசூரில் இருக்கும் பெரியப்பா மகள் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். "அக்கா, நீ வச்சிருக்கியே அந்த டிவிடி டிரைவ், எப்படி இருக்கு? ஆன்லைன்ல விலை குறைஞ்சிருக்கு. வாங்கட்டுமா?"

ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். இரண்டு தடவை டைப் செய்து இரண்டு தடவையும் அழித்துவிட்டேன். அந்த டிரைவைப் பற்றி எனக்கு ஒரு வரியில் சொல்ல வராது. இப்போதுதான் ரிப்பேர் செய்து வாங்கி வந்திருக்கிறேன், மனசு இன்னும் ஆறவில்லை. அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

வாங்கியது 2022இல். பழைய லேப்டாப் உயிரை விட்டது, புதுசு வந்தது, புதுசில் டிஸ்க் போட இடமே இல்லை. இப்போது வரும் எதிலும் அநேகமாக இருப்பதில்லை. 2008இல் ஆப்பிள் மேக்புக் ஏரில் அதை எடுத்தபோது பெரிய பேச்சாக இருந்தது. அப்புறம் ஒவ்வொரு கம்பெனியாக எடுத்துவிட்டார்கள், நாமும் பழகிவிட்டோம். ஆனால் எங்கள் வீட்டில் 94 டிஸ்க் இருந்தது. சேலம் குகைப் பகுதியில் நாங்கள் இருக்கும் வீட்டில் 63, ஏற்காட்டில் அப்பா வீட்டு பீரோவில் 31. கல்யாணம், காதுகுத்து, ஆடிப் பண்டிகை வண்டி வேடிக்கை, தம்பியின் பள்ளி ஆண்டு விழா, எல்லாம் அதில்தான். சரி என்று 1,600 ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே உண்டு. செருகினால் போதும், தனியாக எதுவும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. தட்டு வெளியே வரும், டிஸ்கை நடுக் குமிழில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வராமல் தட்டை உள்ளே தள்ளவே கூடாது. தள்ளினால் டிஸ்க் உள்ளே ஆடி உரசும். எங்கள் பையனுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். விண்டோஸ் 8 வந்ததிலிருந்தே டிவிடி படம் ஓட்டும் வசதி விண்டோஸோடு சேர்ந்து வருவதில்லை, ஆனால் விஎல்சி என்ற வீடியோ பிளேயரைப் போட்டுவிட்டால் டிவிடி, விசிடி இரண்டும் ஓடும். அமெரிக்காவிலிருந்து நாத்தனார் கொண்டுவந்த ஒரிஜினல் டிவிடி மட்டும் தகராறு செய்தது. ஒரிஜினல் டிவிடிகளை உலகத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்துத்தான் விற்பார்கள், ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்து டிரைவில் ஓடாது. அது ஒன்றாம் மண்டலத்து டிஸ்க், இந்தியா ஐந்தாம் மண்டலம். டிரைவில் மண்டலத்தை மொத்தம் 5 தடவைதான் மாற்ற முடியும், அதற்குமேல் அப்படியே பூட்டிக்கொள்ளும். நான் மாற்றவே இல்லை, டிஸ்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இனி வயர்.

டிரைவின் அடிவயிற்றில் ஒரு பள்ளம், அதில் மடித்துச் செருகிய தட்டையான வயர். கழற்ற முடியாது, டிரைவோடு சேர்ந்தது. இழுத்துப் பிடித்தால் ஒரு சாண். அவ்வளவுதான். கழுத்து வலி வந்ததிலிருந்து நான் லேப்டாப்பை ஸ்டாண்டு மேல் தூக்கி வைத்துத்தான் வேலை பார்க்கிறேன். டிரைவைச் செருகினால் அது மேசைக்கு எட்டாமல் அந்தரத்தில் தொங்கும். உள்ளே டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்போது டிரைவ் அசையவே கூடாது. பையனின் பாடப் புத்தகங்களை அடுக்கி, அதன் மேல் டிரைவை வைத்து ஓட்டினேன். அவன் படிக்கிற நேரத்தில் கணக்குப் புத்தகத்தை உருவுவான், அடுக்கு சரியும். தினமும் இதே கூத்து. ஒரு முழம் வயர் கொடுப்பதில் இவர்களுக்கு என்ன குறைந்துவிடும் என்று வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

பத்து நாள் பொறுத்துவிட்டு, 120 ரூபாய்க்கு ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று வாங்கினேன். டிரைவ் மேசைக்கு இறங்கி வந்தது. நிம்மதி.

அதற்கு அப்புறம்தான் டிஸ்க்குகள் 'கெட்டுப்போக' ஆரம்பித்தன. அப்போது நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. டிஸ்க் போட்டால் விளக்கு மின்னும், கர்ரென்று வேகம் எடுக்கும், பாதியில் தளர்ந்து நிற்கும், மறுபடி கர்ர். நாலைந்து தடவை இப்படி மூச்சு வாங்கிவிட்டு, யுஎஸ்பியைப் பிடுங்கினால் வருமே, அந்தச் சத்தம். திரையில் 'டிஸ்கைப் போடவும்' என்று வரும். புது டிஸ்க்குகள் பெரும்பாலும் ஓடிவிடும். கீறல் விழுந்ததும் பழசும்தான் இப்படி நிற்கும். அதனால் நான் டிரைவைச் சந்தேகப்படவே இல்லை. இருபது வருஷத்து டிஸ்க், சேலத்து வெயில், மேலே வேறு கீறல். கெட்டுப்போனதில் என்ன ஆச்சரியம் என்றுதான் நினைத்தேன். விசிடிகள் இன்னும் மோசம். விசிடியில் படத்துக்கு இடம் போதவேண்டும் என்று பிழை திருத்துவதற்கான இடத்தைக் குறைத்துத்தான் பதிவு செய்வார்கள். மற்ற சிடி தாங்கிக்கொள்கிற கீறலை விசிடி தாங்காது. இதையெல்லாம் படித்துவைத்துக்கொண்டு, ஒரு நோட்டில் வரிசையாக எழுதினேன். டிஸ்கின் மேல் ஸ்டுடியோக்காரர் மார்க்கரில் எழுதியிருந்ததை அப்படியே எழுதி, எதிரே 'படிக்கவில்லை' என்று போட்டேன். 63இல் 23.

2024 போகிக்கு வீட்டை ஒழித்தபோது அந்த 23இல் பார்க்கவே கேவலமாக இருந்த ஒன்பதைப் பழைய பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். மீதி 14ஐ ஏன் வைத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. உறையெல்லாம் நன்றாக இருந்தது, அதனாலாக இருக்கும்.

அந்த மே மாதம் ஏற்காட்டுக்குப் போனோம். டிரைவையும் தம்பியின் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டேன், எக்ஸ்டென்ஷன் வயரை மறந்துவிட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்குப் போய்ப் பையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. மறுபடியும் ஒரு சாண் வயர். இந்தத் தடவை லேப்டாப்பையும் டிரைவையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஏற்காட்டு டிஸ்க்குகளைப் பார்த்து எனக்கு நம்பிக்கையே இல்லை. பீரோவுக்குள்ளேயே ஈரம் இறங்கி, உறையின் அட்டை நமத்துப்போய், டிஸ்கின் மேல் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பூஞ்சை. ஒவ்வொன்றாகக் கழுவினேன். வெறும் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, மெல்லிய பருத்தித் துணி. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. பதிவு வட்டமாகத்தான் ஓடுகிறது. வட்டமாக ஒரு கீறல் விழுந்தால் ஒரே இடத்துப் பதிவு நீளத்துக்கும் போய்விடும். நேர்க் கீறலென்றால் டிரைவ் தாண்டிப் போய்விடும். அம்மா கொடியில் துணி காயப்போடுவதுபோல டிஸ்க்குகளை ஜன்னல் திண்டில் வரிசையாகச் சாய்த்து வைத்தாள்.

31இல் 29 ஓடியது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூஞ்சை பிடித்தது ஓடுகிறது, கீறியது ஓடுகிறது. சாயங்காலம் பனி இறங்கி ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாத நேரத்தில், உள்ளே திரையில் 2004 குகை வண்டி வேடிக்கை. தம்பி முருகன் வேஷம் போட்டு வண்டி மேல் நிற்கிறான், வேலைப் பிடித்த கை நடுங்குகிறது, கீழே அப்பா கையை நீட்டிக்கொண்டே வண்டியோடு நடந்து வருகிறார், அவன் விழுந்துவிடுவானோ என்று. அப்பா அதைப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அந்த இரண்டு நாளைக்கு மட்டும் என்னைக் கேட்டிருந்தால் இந்த டிரைவைப் போல ஒரு பொருள் உலகத்திலேயே இல்லை என்று சொல்லியிருப்பேன்.

குளிர்தான் காரணம் என்று முடிவு செய்தேன். சேலத்தில் டிரைவ் சூடாகிறது, மலையில் சூடாவதில்லை. அப்படித்தான் ஒரு வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் வயர் கழுத்தில் விட்டது, டிரைவிலிருந்து வெளியே வரும் அந்த வளைவில். ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தால் விளக்கு எரியும், விட்டால் அணையும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கடையில் கொடுத்தேன். கடைத் தம்பி நாலு திருகைக் கழற்றிப் பிரித்துக் காட்டினான். உள்ளே இருப்பது பழைய லேப்டாப்பில் இருந்த அதே டிரைவ், பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு போர்டு, அதில் பற்றவைத்த வயர். "வேற வயர் போட்டுடலாங்க்கா, 350 ஆகும்" என்றான். கொஞ்சம் நீளமாகப் போடு தம்பி என்றேன். நிமிர்ந்து பார்த்தான்.

"நீளமா போட்டா ஓடாதுங்க்கா."

சின்ன மீட்டர் ஒன்றை எடுத்தான். யுஎஸ்பி வழியில் செருகினால் வோல்ட்டும் ஆம்பியரும் காட்டுவது. புது வயரை வைத்து, நேராகச் செருகி டிஸ்க் போட்டான். வேகம் எடுக்கும்போது எண் 5.0இலிருந்து 4.9க்கு இறங்கி நின்றது. அப்புறம் நான் பையில் வைத்திருந்த என் எக்ஸ்டென்ஷனை இடையில் போட்டு, டிரைவ் இருக்கும் முனையில் மீட்டரைச் செருகினான். கர்ரென்று சத்தம் வந்ததும் 4.3. டிரைவ் தளர்ந்து நின்றது. அந்தச் சத்தத்தை நான் இரண்டு வருஷம் கேட்டிருக்கிறேன்.

அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இந்த டிரைவுக்குத் தனியாக மின்சாரம் கிடையாது, யுஎஸ்பியில் வருவதைத்தான் குடிக்கும். பழைய யுஎஸ்பி 2 வாயில் கணக்குப்படி 500 மில்லி ஆம்பியர், நீல நிற யுஎஸ்பி 3 வாயில் 900. டிஸ்கைச் சுழற்றிக் கிளப்பும் அந்த ஒரு நொடியில்தான் டிரைவுக்கு அதிகம் வேண்டும். மலிவான எக்ஸ்டென்ஷனுக்குள் இருக்கும் கம்பி முடி மாதிரி, அதுவும் ஒன்றரை மீட்டர். வழியிலேயே வோல்ட் தேய்ந்துபோகிறது. நல்ல டிஸ்க் என்றால் ஒரு தடவை வேகம் எடுத்தால் போதும், எப்படியோ சமாளித்துவிடும். கீறிய டிஸ்க் என்றால் படிக்க முடியாமல் வேகத்தைக் குறைக்கும், திரும்ப எடுக்கும், லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தும். ஒவ்வொரு தடவையும் மின்சாரம் வேண்டும். எந்த டிஸ்குக்கு டிரைவ் அதிகம் பாடுபட வேண்டுமோ, அந்த டிஸ்கில்தான் அது மயங்கி விழும்.

ஆக அந்த ஒரு சாண் வயர் கஞ்சத்தனம் இல்லை, தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். நியாயமாகச் சொன்னால் மூன்று வருடம் நான் திட்டியது தப்பு.

ஆனால் அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் தேடி எடுத்து, உள்ளே இருந்த தாளை விரித்துப் பார்த்தேன். ஏழு மொழியில் இருக்கிறது. தண்ணீரில் போடாதே, லேசரைப் பார்க்காதே, எல்லாம் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் போடாதே என்று ஒரு மொழியிலும் இல்லை. ஒரு சாண் வயர் கொடுத்தால் வாங்கினவர் என்ன செய்வார் என்று அவர்களுக்குத் தெரியாதா? அதோடு, 'மின்சாரம் போதவில்லை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'டிஸ்கைப் போடவும்' என்றல்லவா திரையில் வந்தது? நான் டிஸ்கைத்தானே பழிப்பேன்?

அன்றைக்கு ராத்திரியே அந்த 14ஐயும் எடுத்தேன். லேப்டாப்பை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நேராகச் செருகி, ஒவ்வொன்றாக. 11 படித்தது. படிக்காத மூன்றில் ஒன்றில் நாங்களே பெயர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தோம், ஸ்டிக்கரோடு வெள்ளிப் படலமும் உரிந்து வந்துவிட்டது. சிடியில் பதிவு இருப்பது அடிப்பக்கம் இல்லை, மேலே பெயர் எழுதும் பக்கத்துக்குச் சற்றுக் கீழே. டிவிடியில் அது இரண்டு தகட்டுக்கு நடுவில் இருக்கும், அதனால் தப்பிக்கும்.

அப்புறம் நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்ட ஒன்பதின் பெயர்களைப் படித்தேன். அதை நான் செய்திருக்கக் கூடாது. ஐந்தாவது வரி: 'சஷ்டியப்தபூர்த்தி, 2006, பாகம் 1'. ஆறாவது வரி: 'பாகம் 2'. பெரியப்பாவுடையது. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. அவர் குரல் எங்கள் வீட்டில் வேறு எதிலும் இல்லை.

அதனால், தங்கச்சி, இதுதான் என் பதில். டிரைவ் நல்ல டிரைவ். பூஞ்சை பிடித்ததைப் படித்தது, நான் செத்துப்போனது என்று எழுதிவைத்ததைப் படித்தது, புது வயர் போட்டதிலிருந்து ஒரு தடவைகூட நின்றதில்லை. ஆனாலும் நீ வாங்காதே. இதை வாங்கு என்று என் கையால் உனக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை. என்னுடையதே இருக்கிறது. ஆடிப் பண்டிகைக்கு நீ எப்படியும் வருவாய், டிஸ்க் எத்தனை இருந்தாலும் பையில் போட்டு எடுத்து வா, ஒரு ராத்திரி உட்கார்ந்தால் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் ஏற்றித் தருகிறேன். வேண்டுமானால் கொஞ்ச நாள் வைத்துக்கொண்டு திருப்பிக் கொடு.

அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் மூன்று காப்பி போட்டுக் கொடுப்பார்கள். உங்கள் வீட்டில் இருக்கும் டிஸ்க்குகளின் மேல் மார்க்கரில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பு. கீறியிருந்தாலும் பரவாயில்லை. துடைக்காதே, அப்படியே இருக்கட்டும்.