மருந்தளவு ஜிங்க் ஆக்சைடு: கழிச்சல் நிற்கும், ஆனாலும் வாங்க வேண்டாம்

பால் மறக்கடித்த பன்றிக்குட்டிகளுக்கு ஈ.கோலை என்ற குடல் கிருமியால் வரும் கழிச்சலை நிறுத்துவதில் ஜிங்க் ஆக்சைடு என்ற இந்த வெள்ளைத் தூள் கெட்டிக்காரப் பொருள். மலிவு, வேலையும் சீக்கிரம். ஆன்டிபயாடிக் இல்லை என்பதால் பண்ணையாளர்கள் இதை நல்ல மாற்றாகவே நம்பினார்கள். நாம் வேண்டாம் என்று சொல்வது அந்த நம்பிக்கை தவறு என்பதால்தான்.

டென்மார்க் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில் பயன்படுத்திய அளவு, தீவனத்தில் துத்தநாகம் (ஜிங்க்) 2500 பி.பி.எம்., அதாவது கிலோவுக்கு 2500 மில்லிகிராம், அதிகபட்சம் 14 நாள். தூளில் துத்தநாகம் 80 சதவீதம் என்பதால் ஒரு டன் தீவனத்துக்கு சுமார் 3.1 கிலோ தூள் போகும். சத்துக்காகச் சேர்க்க அங்கே அனுமதித்த உச்ச அளவோ 150 பி.பி.எம். மட்டுமே. குட்டியின் உடம்பில் ஏறுவது கொஞ்சம். பெரும்பகுதி சாணத்தோடு வெளியேறி மண்ணில் தங்கிவிடும். உலோகம் மக்காது.

இரைப்பை அமிலத்தையும் இது முறித்துவிடும். பால் மறந்த குட்டிக்கு அமிலச் சுரப்பே குறைவு, அதனால் கிருமியைத் தடுக்கும் முதல் வேலி பலவீனமாகிறது. தீவனத்தில் சேர்க்கும் அமிலத்தையும் இதையும் ஒரே தீவனத்தில் கலப்பது காசைக் கரைப்பதுதான்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. பன்றிப் பண்ணைகளில் பரவியிருக்கும் சிசி398 கிருமி, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. வகை. அதில் துத்தநாகத்தைத் தாங்கவைக்கும் மரபணு, மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுவோடு ஒரே டி.என்.ஏ. துண்டில் ஒட்டியிருக்கிறது. துத்தநாகம் போட்டால் மற்ற கிருமிகள் சாகும், இது தழைக்கும். ஒரு சொட்டு ஆன்டிபயாடிக் இல்லாமலே மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடுகிறோம். கொட்டில் தூசி வழியாக அது பண்ணை வேலையாளின் மூக்குக்குப் போகிறது. நெதர்லாந்து மருத்துவமனைகளில் பன்றிகளோடு பழகுபவர் சேர்ந்தால், சோதனை முடிவு வரும்வரை தனியறையில் வைக்கிறார்கள். 2017-இல் ஐரோப்பிய மருந்து முகமை இதன் நன்மையைவிடக் கேடு அதிகம் என்று முடிவு சொன்னது. 2022 ஜூன் மாதத்தோடு அங்கே அனுமதி முடிந்தது.

இதற்குப் பதில் இன்னொரு தூளைத் தேடாதீர்கள். தடைக்குப் பிறகு டென்மார்க்கில் நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் பயன்பாடு ஏறியது, அது இன்னும் மோசமான பாதை. குட்டியைத் தாயிடமிருந்து 21 நாளில் பிரிப்பதை 28 நாளுக்குத் தள்ளுங்கள், பிரச்சினை அங்கேயே குறையும். தீவனப் புரதத்தை 21 சதவீதத்திலிருந்து 17–18-க்கு இறக்கி, லைசின், மெத்தியோனின், திரியோனின், டிரிப்டோபன், வேலின் ஆகிய அமினோ அமிலங்களால் ஈடுகட்டுங்கள். செரிக்காத புரதம் பெருங்குடலில் அழுகுவதுதான் கழிச்சலுக்குத் தீனி. வளர்ச்சி சற்று மந்தமாகும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். டன்னுக்கு 5 கிலோ பென்சாயிக் அமிலம் உதவும், கூடவே சுண்ணாம்புத் தூளைக் குறைத்தால். சுண்ணாம்பும் அமிலத்தை முறிப்பதே.

வாய்வழி ஈ.கோலை தடுப்பூசியை 18-ஆம் நாளிலிருந்து கொடுக்கலாம், காப்பு வர ஒரு வாரம் ஆகும். 21-இல் பிரிக்கும் பண்ணையில் பிரித்த பிறகு குட்டி நான்கு நாள் காப்பில்லாமல் நிற்கும். தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி, அந்த நாள்களில் ஈ.கோலையைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கைத் தண்ணீரில் கலந்தால் தடுப்பூசியும் சேர்ந்தே செத்துவிடும். தடுப்பூசி வாங்குவதற்கு முன் கழிச்சல் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, அதிலுள்ள ஈ.கோலை எஃப்4 வகையா எஃப்18 வகையா என்று பார்த்துவிடுங்கள்.